ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தங்க நாற்காலி

2012 மே 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் ‘தி அவெஞ்சர்ஸ்’ வெளியான நாள். முதல் மூன்று நாளிலேயே அங்கே வசூல் 20 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதே வெள்ளிக்கிழமை, கொஞ்சம் அரங்குகளில் மட்டும் இன்னொரு படமும் வெளியானது: ‘தி பெஸ்ட் எக்ஸாட்டிக் மேரிகோல்ட் ஹோட்டல்’. கையிலிருக்கும் காசில் இங்கிலாந்தில் காலம் தள்ள வழியில்லாத முதியவர்கள் சிலர், விளம்பரத்தை நம்பி ராஜஸ்தானில் ஒரு பாழடைந்த ஹோட்டலுக்கு வந்து சேரும் கதை. படத்தின் பெரிய பெயர்கள் ஜூடி டென்ச்சும் மேகி ஸ்மித்தும். இருவருக்கும் அப்போது 77 வயது.

முதல் வாரக் கணக்கில் இந்தப் படம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, வாரத்துக்கு வாரம் அரங்குகள் கூடின. கோடை முழுக்க ஓடியது. சுமார் 1 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 13 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ‘எதிர்பாராத வெற்றி’ என்று ஹாலிவுட் வியந்தது.

இந்த வியப்பைத்தான் என்னால் ஜீரணிக்க முடிவதில்லை. 1981-இல் ‘ஆன் கோல்டன் பாண்ட்’ வந்தது. ஏரிக்கரை வீட்டில் கோடையைக் கழிக்கும் வயதான தம்பதியின் கதை. ஹென்றி ஃபோண்டாவுக்கு 76 வயது, கேத்தரின் ஹெப்பர்னுக்கு 74. அந்த ஆண்டு வெளியான படங்களில், இண்டியானா ஜோன்ஸுக்கு அடுத்தபடியாக அமெரிக்காவில் அதிகம் வசூலித்தது அதுதான். 1989-இல் ‘டிரைவிங் மிஸ் டெய்ஸி’: 75 லட்சம் டாலர் செலவு, அமெரிக்காவில் மட்டும் 10 கோடி வசூல், 80 வயது ஜெசிகா டேண்டிக்கு ஆஸ்கர். ஒவ்வொரு முறையும் ஹாலிவுட் ஆச்சரியப்பட்டது. அடுத்த வாரமே மறந்தும் போனது. முதியவர்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்பது அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் செய்தி.

அந்த மறதிக்கு மருந்தாக ஆண்டுதோறும் ஒரு விருது விழாவே நடக்கிறது. நடத்துவது சினிமா சங்கமோ விமர்சகர் குழுவோ அல்ல, ஏ.ஏ.ஆர்.பி. என்ற மூத்தோர் அமைப்பு. விருதின் பெயர் ‘மூவீஸ் ஃபார் க்ரோனப்ஸ்’, அதாவது வளர்ந்தவர்களுக்கான படங்கள். நம் ஊர் ‘ஏ’ சான்றிதழோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 50 வயதுக்கு மேற்பட்ட ரசிகரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கும் படங்கள், அவ்வளவுதான். 2001-ஆம் ஆண்டுப் படங்களுக்கு 2002-இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. கோப்பைக்கு ‘லா ஷெஸ் தோர்’ என்று பிரெஞ்சில் ஒரு பகட்டான பெயர். தங்க நாற்காலி என்று பொருள். வயதானவர்களுக்கு நாற்காலியா என்று யாராவது கிண்டலடிப்பதற்குள் அவர்களே முந்திக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ஓய்வூதியர் அமைப்புக்கும் சினிமா விருதுக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எதெல் பெர்சி ஆன்ட்ரஸ், லாஸ் ஏஞ்சலிஸில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். 1940களில் ஒருநாள், உடல்நலமில்லாத முன்னாள் ஆசிரியை ஒருவரைத் தேடிப் போனவர், அவர் ஒரு கோழிக் கொட்டகையில் வாழ்வதைக் கண்டார் என்பது அந்த அமைப்பு இன்றுவரை சொல்லிவரும் தொடக்கக் கதை. பென்ஷன் வாடகைக்கே போதவில்லை. 1947-இல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கான தேசிய சங்கத்தை ஆன்ட்ரஸ் தொடங்கினார். 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு மருத்துவக் காப்பீடு தர அன்று எந்த நிறுவனமும் லேசில் முன்வராது. பல கதவுகளைத் தட்டிய பிறகு சங்க உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு கிடைத்தது. மற்ற தொழிலில் இருந்தவர்களும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்கவே, 1958-இல் ஏ.ஏ.ஆர்.பி. பிறந்தது.

இன்று அதற்கு சுமார் 3.8 கோடி உறுப்பினர்கள். வாஷிங்டனில் அதன் சொல்லுக்குத் தனி எடை உண்டு. முதியோர் மருத்துவத் திட்டத்திலோ ஓய்வூதியத்திலோ கைவைக்க நினைக்கும் எந்தக் கட்சியும் இந்த அமைப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகரும். அதன் பத்திரிகை அமெரிக்காவிலேயே மிக அதிகப் பிரதிகள் போகும் இதழ். வருமானத்தில் பெரும்பங்கு சந்தாவிலிருந்து வருவதில்லை. தன் பெயரைக் காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்து, அதற்குப் பெறும் உரிமத் தொகைதான் பெரிது. ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தாண்டும். இது சேவை அமைப்பா, காப்பீட்டு முகவரா என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. குற்றச்சாட்டில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது வேறு: ஐம்பது வயதுக்காரர் எதற்குச் செலவழிப்பார் என்பது இவர்களுக்கு அத்துப்படி. இவர்கள் ஒரு படத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுதினால், அதைப் படிப்பவர் எண்ணிக்கை பல நாடுகளின் மக்கள்தொகையைவிட அதிகம்.

அந்தப் பத்திரிகையில் சினிமாப் பகுதியை வளர்த்து, ‘மூவீஸ் ஃபார் க்ரோனப்ஸ்’ என்ற பெயரையும் விருதையும் உருவாக்கியவர் பில் நியூகாட் என்ற இதழாளர். ஆனால் காலத்தைக் கவனியுங்கள். 2000-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் ஒரு பெரிய வழக்கு வெடித்தது. நாற்பது வயதைத் தாண்டிவிட்டாலே எங்களுக்கு வேலை தருவதில்லை என்று 150-க்கும் மேற்பட்ட திரைக்கதை எழுத்தாளர்கள், தொலைக்காட்சி நிறுவனங்கள், ஸ்டூடியோக்கள், ஏஜென்சிகள் எல்லோர் மேலும் வழக்குத் தொடுத்தார்கள். எழுத்தாளர்கள் தரப்பில் வாதாடியவர்களில் ஏ.ஏ.ஆர்.பி. அறக்கட்டளையின் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். பத்தாண்டு இழுத்தடித்து 2010-இல் 7 கோடி டாலர் சமரசத் தொகையோடு முடிந்தது. ஒரு கையில் வக்கீல் நோட்டீஸ், மறு கையில் கோப்பை. ஹாலிவுட்டோடு அந்த அமைப்பு அந்தப் பத்தாண்டில் பேசிய விதம் இதுதான். வழக்குக்காகவே விருதைத் தொடங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருந்த மனக்குறை ஒன்றே.

மனக்குறைக்குக் காரணம் வயது வெறுப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது பாதிதான் சரி. மீதி, கணக்கு.

ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் ரசிகர்களை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும்: 25 வயதுக்கு உட்பட்ட ஆண், உட்பட்ட பெண், 25-க்கு மேற்பட்ட ஆண், மேற்பட்ட பெண். நான்கையும் இழுக்கும் படத்துக்குத்தான் பெரிய பட்ஜெட் கிடைக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், 26 வயது மென்பொருள் ஊழியையும் 80 வயதுக் கொள்ளுப்பாட்டியும் ஒரே கட்டம். இருபத்தைந்துக்குப் பிறகு மனிதர்களுக்குள் பிரித்தறிய எதுவுமில்லை என்று நினைக்கும் ஒரு தொழில், ஐம்பதைத் தாண்டியவரின் ரசனையை எப்படிக் கண்டுகொள்ளும்?

தொலைக்காட்சியில் இதைவிட மோசம். விளம்பரதாரர்கள் விலை பேசியது 18 முதல் 49 வயது வரையிலான பார்வையாளருக்கு. 50-ஆவது பிறந்தநாளன்று ஒருவர் அந்தக் கணக்கிலிருந்து மாயமாகிவிடுவார். சோப்பும் காரும் அதற்குப் பிறகும் வாங்குகிறாரே என்று கேட்டால், எந்த பிராண்ட் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், அவரிடம் விளம்பரம் எடுபடாது என்பார்கள். 1971-இல் சி.பி.எஸ். நிறுவனம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல தொடர்களையே ஒட்டுமொத்தமாக நிறுத்தியது. பார்த்தவர்கள் குறைவு என்பதால் அல்ல. பார்த்தவர்கள் கிராமத்து ஆட்கள், வயதானவர்கள் என்பதால்.

திரையரங்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1970களின் இறுதியிலிருந்து ஒரு படத்தின் தலையெழுத்து முதல் வார இறுதியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஆயிரக்கணக்கான அரங்குகளில் ஒரே நாளில் வெளியிட்டு, கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து, மூன்று நாளில் அள்ள வேண்டும். அந்த மூன்று நாளுக்கு ஓடி வருபவர்கள் இளைஞர்கள். வயதானவர்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். விமர்சனம் படிப்பார்கள், பார்த்தவர்களைக் கேட்பார்கள், கூட்டம் குறையட்டும் என்று இருப்பார்கள், மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை பகல் காட்சிக்குப் போவார்கள். அதற்குள் படத்தைத் தூக்கியிருப்பார்கள். பிறகு, ‘பெரியவர்கள் வருவதே இல்லை’ என்று புள்ளிவிவரம் சொல்லும். மேரிகோல்ட் ஹோட்டல் தப்பியதற்கு ஒரு காரணம், அதைக் குறைந்த அரங்குகளில் தொடங்கி மெல்ல விரித்தார்கள். ரசிகர் வந்து சேரும் வரை படம் காத்திருந்தது.

ஏ.ஏ.ஆர்.பி. விருது நுழைவது இந்த இடைவெளியில்தான். பத்திரிகையில் மதிப்புரை, பல ஊர்களில் உறுப்பினர்களுக்கு இலவச முன்னோட்டக் காட்சிகள், டிக்கெட்டுக்குத் தள்ளுபடி, ஆண்டு முடிவில் விருது. எல்லாம் சேர்ந்து, மெதுவாக வரும் ரசிகரிடம் முன்கூட்டியே செய்தி சொல்லும் ஏற்பாடு.

விருதுப் பட்டியலைப் பார்த்தால் முதல் பாதி வழக்கமானது: சிறந்த படம், நடிகர், நடிகை, இயக்குநர், திரைக்கதை. தனிநபர் விருதுகளுக்கு 50 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம். சுவாரசியம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. ‘வளர்ந்தவர்களின் சிறந்த காதல் கதை’ என்று ஒரு பிரிவு. ‘தலைமுறைகளை இணைக்கும் சிறந்த படம்’ என்று ஒன்று. ஒரு காலகட்டத்தை அச்சு அசலாக மீட்டெடுத்த படத்துக்கு ‘காலப் பேழை’ விருது. ‘வளர மறுக்கும் வளர்ந்தவர்களுக்கான சிறந்த படம்’ என்று குறும்பாக ஒரு பிரிவைக்கூட ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள்.

என்னைக் கேட்டால், இந்தச் சின்னப் பிரிவுகள்தான் விருதின் உயிர். ஆண்டுதோறும் காதல் கதைக்கென ஒரு விருது தர வேண்டுமானால், ஐம்பதைத் தாண்டியவர்கள் காதலிக்கும் படங்கள் ஆண்டுக்கு நான்கைந்தாவது வந்தாக வேண்டும். சில ஆண்டுகளில் அப்படித் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பிரிவு இருப்பதாலேயே அந்தப் பஞ்சம் கண்ணில் படுகிறது. பெரிய விருது மேடைகளில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே எழுபது வயது நடிகை வந்தால் ஒன்று பாட்டி, இல்லையென்றால் மகாராணி.

விழா லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், பெரும்பாலும் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல் ஒன்றில், ஜனவரி வாக்கில் நடக்கும். 2018 முதல் பொதுச் சேவைத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். அதை ஒளிபரப்புகிறது. வாழ்நாள் சாதனை விருதை மைக்கேல் டக்ளஸ், மார்கன் ஃப்ரீமன், ஹெலன் மிரன், ஷெர்லி மெக்லைன், அனெட் பெனிங், லில்லி டாம்லின், ஜேமி லீ கர்ட்டிஸ், க்ளென் க்ளோஸ் என்று பலர் வாங்கியிருக்கிறார்கள். 2021-இல் ஜார்ஜ் க்ளூனிக்குக் கொடுத்தபோது அவருக்கு 59 வயதுதான்.

முதியோர் சங்கம் நடத்தும் விழாவுக்கு இவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் ஏன் வருகிறார்கள்? தங்க நாற்காலி மேல் ஆசையா? இங்கேதான் ஒரு பழைய கணக்கெடுப்பு கைகொடுக்கிறது. 2012 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ், ரகசியமாக இருந்த ஆஸ்கர் வாக்காளர் பட்டியலைத் துருவி ஆராய்ந்து வெளியிட்டது. வாக்காளர்களின் இடைநிலை வயது 62. ஐம்பதுக்கு உட்பட்டவர்கள் வெறும் 14 சதவீதம். அதாவது, ஆஸ்கர் வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் ஏ.ஏ.ஆர்.பி. உறுப்பினராகும் வயதில் இருந்தவர்கள். பிறகு ஆயிரக்கணக்கில் புதியவர்களைச் சேர்த்து அந்த விகிதத்தை மாற்ற, ஆஸ்கர் வழங்கும் அகாடமி முயன்றுவருகிறது. ஆனாலும் ஜனவரியில் பெவர்லி ஹில்ஸில், அந்த வயதுக்காரர்களைப் பற்றி, அந்த வயதுக்காரர்கள் முன்னால் நடக்கும் மேடையை எந்த ஸ்டூடியோ விளம்பரப் பிரிவும் விட்டுவிடாது. ஆஸ்கர் பிரச்சாரத்தில் இது ஒரு நிறுத்தம்.

இதனால் விருதுக்கு வெளிச்சம் கிடைத்தது. கூடவே ஒரு நோயும் வந்தது. முக்கியப் பிரிவுகளின் வெற்றியாளர்களைப் பார்த்தால், ஆஸ்கர் பட்டியலின் நகலைப் பார்ப்பது போலிருக்கும். ஏற்கெனவே எல்லோரும் பேசும் படத்துக்கு இன்னொரு கோப்பை. யாரும் பேசாத படத்தைத் தூக்கிக் காட்டுவதல்லவா இவர்கள் வேலை?

இன்னொரு குறையும் தெரிகிறது, இது கொஞ்சம் ஆழமானது. 2020-இல் சிறந்த படம் ‘தி ஐரிஷ்மேன்’. எழுபதுகளின் நடுவிலும் இறுதியிலும் இருந்த ராபர்ட் டி நீரோ, அல் பசினோ, ஜோ பெஷி மூவரையும் கணினி வரைகலையால் இளமையாக்கிக் காட்டிய படம். முதியோர் விருது, முதுமையை அழிக்கும் தொழில்நுட்பத்தின் உச்சத்தைத் தொட்ட படத்துக்குப் போனது. படத்தின் கடைசி அரைமணி நேரம் முதுமையையும் தனிமையையும் காட்டும் விதத்துக்காக நான் அந்தத் தேர்வை மன்னித்துவிடுவேன். 2025-இல் சிறந்த படம் ‘எ கம்ப்ளீட் அன்னோன்’: 1960களின் பாப் டிலன், நடித்தவர் முப்பதைத் தொடாத டிமத்தி ஷாலமே. நல்ல படம். ஆனால் அதில் முதியவர்கள் எங்கே? அது முதியவர்களைப் பற்றிய படமன்று. இன்றைய முதியவர்கள் இளைஞர்களாக இருந்த காலத்தைப் பற்றிய படம். இந்த விருது இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. பழைய பாட்டைக் கேட்டுக் கண்கலங்குவது வேறு, நாளைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்ற நிலையில் ஒரு புதிய உறவைத் தொடங்குவது வேறு. முதலாவதற்கு ஹாலிவுட்டில் பஞ்சமே இல்லை.

அதே 2025-இல் சிறந்த நடிகை விருது 62 வயது டெமி மூருக்கு, ‘தி சப்ஸ்டன்ஸ்’ படத்துக்காகப் போனது. ஐம்பது வயதானதும் தொலைக்காட்சி நிறுவனம் தூக்கியெறிந்த ஒரு நட்சத்திரம், இளமையைத் திரும்பப் பெற விபரீத மருந்தொன்றைச் செலுத்திக்கொள்ளும் திகில் படம். ரத்தமும் சதையும் தெறிக்கும் அந்தப் படத்தை மூத்தோர் அமைப்பு ஒன்று மெச்சியது துணிச்சல்தான். இங்கே தேர்வு பொருளோடு சரியாகப் பொருந்தியது.

கொரோனாவுக்குப் பிறகு இந்த விருதின் வாதத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. அரங்குகள் திறந்த பிறகும் வயதானவர்கள் மட்டும் திரும்பவில்லை, தொற்றுப் பயம். அவர்கள் இல்லாமல் எவ்வளவு நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. 2022 மே மாதம் ‘டாப் கன்: மேவரிக்’ வந்தது. 36 ஆண்டு கழித்து வந்த தொடர்ச்சி. கதாநாயகன் டாம் க்ரூஸ் அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். முதல் வார இறுதியில் வந்தவர்களில் 55 சதவீதம் பேர் 35 வயதைத் தாண்டியவர்கள் என்று ஸ்டூடியோ சொன்னது. கோடைக்கால அதிரடிப் படத்துக்கு இது அபூர்வம். அவர்களும் அவசரப்படாமல் வந்துகொண்டே இருந்தார்கள். வசூல் 140 கோடி டாலரைத் தாண்டியது. 2023 ஜனவரியில் ஏ.ஏ.ஆர்.பி. சிறந்த படமாக அறிவித்தது இதைத்தான். போர் விமானப் படத்துக்கு முதியோர் விருதா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான தேர்வாகவே பட்டது: எங்கள் ஆட்கள் வந்தார்கள், கல்லா நிரம்பியது, பாருங்கள்.

அடுத்த மாதமே ‘80 ஃபார் பிரேடி’ வந்தது. ஜேன் ஃபோண்டா, லில்லி டாம்லின், ரீட்டா மொரேனோ, சாலி ஃபீல்ட். நால்வரின் வயதைக் கூட்டினால் 330-ஐத் தாண்டும். ஏ.எம்.சி. திரையரங்குகள் அந்தப் படத்துக்கு மட்டும் எல்லாக் காட்சிக்கும் பகல் காட்சிக் கட்டணமே போதும் என்று அறிவித்தன. ரசிகர் எப்போது வருவார், எவ்வளவு தருவார் என்று யோசித்து எடுத்த முடிவு அது. விருதுகள் இருபது ஆண்டாகச் சொல்லிவந்ததை ஒரு டிக்கெட் கவுண்டர் காதில் வாங்கியது.

வீட்டுத் திரை இன்னும் வேகமாகக் கற்றுக்கொண்டது. சந்தா கட்டுபவருக்கு எத்தனை வயதானாலும் பணம் ஒன்றுதான்; 18-49 கணக்கு அங்கே அர்த்தமிழந்தது. ஃபோண்டாவும் டாம்லினும் நடித்த ‘க்ரேஸ் அண்ட் ஃப்ராங்கி’ 2015 முதல் 2022 வரை நெட்ஃபிளிக்ஸில் ஏழு சீசன், 94 எபிசோடு ஓடியது. கணவர்கள் இருவரும் ஒருவரையொருவர் காதலிப்பதாகச் சொல்லிப் பிரிந்துபோக, எழுபதைத் தாண்டிய இரு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்வைப் புதிதாகத் தொடங்கும் கதை. இந்தப் போக்கைப் பார்த்துத்தான் ஏ.ஏ.ஆர்.பி.யும் 2020களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிக்கும் விருதுகளைச் சேர்த்தது.

இவ்வளவுக்குப் பிறகும் திரையில் எண்ணிக்கை பெரிதாக இல்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு, 2015-இல் அதிகம் வசூலித்த 100 படங்களில் பேசும் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தது. அறுபதைத் தாண்டியவர்கள் 11 சதவீதம். அமெரிக்க மக்கள்தொகையில் அப்போது அவர்கள் 18 சதவீதத்துக்கு மேல். அந்த 11-இலும் பெண்கள் மிகக் குறைவு. ஐம்பதுகளில் இருக்கும் நட்சத்திரங்களுக்கு இந்த விருது தேவையே இல்லை. அவர்களுக்கு வேலையும் இருக்கிறது, வேறு கோப்பைகளும் இருக்கின்றன. வயது வரம்பை 50-இல் வைத்தது உறுப்பினர் சேர்க்கைக்கு வசதி. சினிமாவில் நிஜமாகவே காணாமல் போவது எழுபதைத் தாண்டியவர்கள், அதிலும் பெண்கள்.

2024-இல் வந்த ‘தெல்மா’ அந்த ஓட்டையை அடைத்த சின்னப் படம். ‘பாட்டி, விபத்தில் மாட்டிக்கொண்டேன், பணம் அனுப்பு’ என்று பேரன் குரலில் வரும் போலித் தொலைபேசியை நம்பி 10,000 டாலரை இழந்த 93 வயது மூதாட்டி, போலீஸால் முடியாதென்று தெரிந்ததும், நண்பரின் முதியோர் மின்வண்டியைக் கிளப்பிக்கொண்டு மோசடிக்காரனைத் தேடிப் புறப்படுகிறார். இயக்குநர் ஜாஷ் மார்கோலினின் சொந்தப் பாட்டிக்கு அப்படியொரு அழைப்பு வந்ததுதான் கதையின் விதை. நடித்தவர் ஜூன் ஸ்க்விப். பல பத்தாண்டு துணை வேடங்களுக்குப் பிறகு, தொண்ணூறைத் தாண்டிய வயதில் அவருக்குக் கிடைத்த முதல் கதாநாயகி வேடம் அது. சாகசக் காட்சிகளில் பலவற்றை டூப் இல்லாமல் அவரே செய்தார். அந்த மின்வண்டி ஓட்டுவதும் அதில் அடக்கம்.